நேர்முகப் பரீட்சையில் உருவமும் உள்ளடக்கமும்

இலக்கியத்திலே உருவமா, உள்ளடக்கமா என்ற வாதம் நமக்குப் பழக்கமானது. சொல்லப்படும் பொருளை விட்டுச் சொல்லும் பாங்கையே அளவுகோலாகக் கொள்வோரை உருவவாதிகள் என்று நாம் கண்டித்து வந்திருக்கிறோம். ஆயின், நம் இளைஞர்களின் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானிக்கும் ஓரிடத்தில் அதே உருவவாதம் ஆட்சி செலுத்தி வருவதை நாம் போதிய அளவு கவனித்தோமில்லை. உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சையையே இங்கு குறிப்பிடுகிறேன்.

நேர்முகப் பரீட்சையில் வெற்றி பெறுவது எப்படி என்று போதிக்கும் கைநூல்கள் இன்று ஒரு தனி நூல்வகையாகவே வளர்ந்துவிட்டன. பட்டம் பெற்றும் தொழிலின்றி இருக்கும் இளைஞனும் யுவதியும் பொது அறிவு வினாவிடை நூலுக்கு அடுத்தபடியாகத் தேடுவது இவற்றைத்தான். இத்தகைய கைநூல்களை ஓர் இலக்கிய சஞ்சிகை பொருட்படுத்த வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். மக்கள் நம்பிக்கையோடு படித்து, அதன்படி தம்மை மாற்றிக்கொள்ள முயலும் எந்த எழுத்தும் விமர்சனத்துக்கு உரியதே. அது யாருடைய வாழ்க்கை நோக்கைச் சுமந்து வருகிறது, யாரை உயர்த்தி யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்பது விமர்சகனின் கடமை.

எந்த மொழியில் எழுதப்பட்டாலும் இக்கைநூல்களின் குரல் ஏறத்தாழ ஒன்றே. நிமிர்ந்து நட, புன்னகை செய், கையை இறுகப் பற்றிக் குலுக்கு, கண்ணுக்குக் கண் நோக்கு, தயங்காது பேசு, உன்னை நீயே விற்கக் கற்றுக்கொள். இயல்பிலேயே அதிகம் பேசாதவர்களுக்கு இந்நூல்கள் ஆலோசனை கூறும்போது, நோயாளிக்குப் பத்தியம் சொல்லும் தொனி வந்துவிடுகிறது. கூச்சத்தை விரட்டு, மௌனத்தை மறை, அரை மணி நேரத்துக்காவது இன்னொருவனாக நடி என்பதே அந்த ஆலோசனைகளின் சாரம். இப்போதனை உண்மைக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது என்பதே என் கருத்து. அமைதியான இயல்புடையவர் ஆயத்தம் செய்யவேண்டியது உள்ளடக்கத்தை. மாற வேண்டியது அவ்வுள்ளடக்கத்தைக் காணத் தெரியாத பரீட்சை முறை.

முதலில் ‘அகமுகி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அகமுகி, புறமுகி என்ற பாகுபாட்டை உலகறியச் செய்தவர் சுவிட்சர்லாந்தின் உளவியலறிஞர் கார்ல் யுங். 1921இல் வெளிவந்த ‘உளவியல் வகைகள்’ என்ற நூலில், மனத்தின் ஈடுபாடு உள்நோக்கிச் செல்வதும் வெளிநோக்கிச் செல்வதுமான இரு போக்குகளை அவர் விளக்கினார். ஒன்றை ஆரோக்கியம் என்றும் மற்றதை நோய் என்றும் அவர் வகுக்கவில்லை. சிந்தித்த பின் பேசுபவரும் உண்டு. பேசிக்கொண்டே சிந்திப்பவரும் உண்டு. இருவராலும் உலகம் நடைபெறுகிறது.

அவ்வாறாயின், அமைதி எப்போது குறைபாடாக மாறிற்று? மனிதன் தன்னையே சந்தைப் பொருளாக்க நேர்ந்தபோது என்றே விடை கூறவேண்டும். பொருளாதார மந்தம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோரைத் தொழிலின்றி நிறுத்தியிருந்த காலத்தில், 1936இல், டேல் கார்னகி நண்பர்களைச் சம்பாதிப்பது பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அவர் அதற்கு முன்பே நியூயோர்க்கில் வியாபாரிகளுக்கும் விற்பனையாளர்களுக்கும் பேச்சுப் பயிற்சி அளித்து வந்தவர். விற்பனையாளனுக்கு வேண்டிய குணங்கள் மெல்ல மெல்ல எல்லா மனிதருக்கும் வேண்டிய குணங்களாக உயர்த்தப்பட்டன. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1951இல் எழுதிய ‘வைட் காலர்’ என்ற நூலில் இந்நிலையை ‘ஆளுமைச் சந்தை’ என்று வருணித்தார். தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கிறான் என்று மார்க்ஸ் சொன்னார். எழுதுவினைஞனும் ஆசிரியனும் வங்கி ஊழியனும் அதனோடு தம் புன்னகையையும் சேர்த்து விற்க வேண்டியிருக்கிறது என்பதே மில்ஸ் கண்ட உண்மை. நம் கைநூல்கள் கற்பிப்பது அந்தச் சந்தையின் நடைமுறையையே.

இந்தச் சந்தைக் குரல் நமது மண்ணிலே எவ்வாறு ஒலிக்கிறது என்று பார்ப்போம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த அம்பாறைக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். வயல், கடல், தறி, கடை ஆகிய நான்குமே இங்குள்ள சீவனோபாயங்கள். மழை பிழைத்தால் வயல் இல்லை. காற்று மாறினால் கடல் இல்லை. நூல் விலை ஏறினால் மருதமுனைத் தறி ஓய்ந்துவிடும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஒரு காலைப் பொழுதிலே வீட்டையும் தோணியையும் உயிர்களையும் கொண்டுபோயிற்று. இத்தகைய வாழ்விலே மாதம் முடிந்ததும் கையில் வந்து சேரும் சம்பளம் ஒரு குடும்பத்தின் அத்திவாரம். அதனாலேயே, வாப்பா நெல்லை விற்றும் உம்மா காப்பை அடகு வைத்தும் பிள்ளையைப் படிக்கவைக்கிறார்கள். அட்டாளைச்சேனையில் அமைந்த ஆசிரியர் கலாசாலையும், 1995இல் தொடங்கப்பட்டு 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அந்தப் பிரயாசைக்குத் துணை நின்றன.

ஆனால் இப்பிள்ளை பட்டம் பெறும் வரை எழுதியே தேறியவன் என்பதை மறந்துவிடலாகாது. பாடசாலையில் குறிப்பு எழுதினான், தனியார் வகுப்பில் நூறு பேருக்கு நடுவே உட்கார்ந்து எழுதினான், க.பொ.த. உயர்தரத்திலும் பட்டப் பரீட்சையிலும் எழுதினான். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று அவனை எவரும் கேட்டதில்லை. இருபத்தைந்தாவது வயதில், அறிமுகமில்லாத மூவர் அமர்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் அக்கேள்வி முதன்முதலாகக் கேட்கப்படுகிறது. அவன் வாயடைத்துப் போகிறான். ‘ஆளுமை போதாது’ என்று குறிப்பு எழுதப்படுகிறது.

இங்கே கைநூல்கள் செய்யும் பெரும் பிழை ஒன்று உண்டு. மேசை முன் நிகழும் மௌனம் ஒரே வகையானதன்று. குறைந்தது நான்கு வகை மௌனங்கள் இங்கு கலந்திருக்கின்றன.

முதலாவது, இயல்பான அமைதி. இது யுங் கூறிய அகமுகியின் அமைதி. வினாவை உள்ளே வாங்கி, எடைபோட்டு, பிறகு விடை சொல்லும் பழக்கம் அது.

இரண்டாவது, மரியாதையின் மௌனம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, அவர் முகத்தை நேரே வெறிக்காதே, கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல் என்பவை இக்கரையோரத்து வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பாடங்கள். கண்ணுக்குக் கண் நோக்காமை கொழும்பு அலுவலகத்திலே தன்னம்பிக்கையின்மை. சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ அது நல்வளர்ப்பு.

மூன்றாவது, மொழியின் மௌனம். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் தமிழ் பேசும் மக்களின் உத்தியோக வாழ்வில் ஏற்படுத்திய காயத்தை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் பதினாறாவது திருத்தம், அரசாங்க சேவைக்கான பரீட்சைகளுக்குச் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றும் உரிமையை அரசியலமைப்பில் எழுதி வைத்தது. எழுத்திலே உரிமை உண்டு. ஆயினும் மேசைக்கு அப்பால் இருப்பவர்கள் தமிழ் அறியாதவர்களாயின், உரிமையைக் கேட்பதற்கே ஒரு துணிவு வேண்டியிருக்கிறது. அம்பாறைக் கச்சேரிக்குப் போய்வந்த கரையோரத்து மக்கள் இதனை அனுபவத்தில் அறிவார்கள். தனியார் நிறுவனங்களிலும், ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த அரசுசாரா நிறுவனங்கள் பலவற்றிலும் ஆங்கிலம் அதே வேலையைச் செய்தது. இத்துயரம் தமிழ் பேசுவோருக்கு மட்டும் உரியதன்று. தென்னிலங்கைக் கிராமத்து மாணவர்கள் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைத்தார்கள். இளைஞர் கிளர்ச்சிக்குப் பின் நியமிக்கப்பட்டு 1990இல் அறிக்கை சமர்ப்பித்த ஜனாதிபதி இளைஞர் ஆணைக்குழுவும், ஆங்கிலமும் அரசியல் சிபாரிசும் இளைஞர்களை வெட்டி வீழ்த்தும் ஆயுதங்களாக உணரப்பட்டதைப் பதிவு செய்தது. சிங்களக் கிராமத்து இளைஞனும் கல்முனைக்குடி இளைஞனும் ஒரே வாளின் முன் நிற்பதை அவர்கள் இருவருமே இன்னும் முழுமையாக அறிந்துகொள்ளவில்லை.

நான்காவது, பெண்ணின் மௌனம். ‘வாயாடி’ என்ற பெயர் வந்துவிடக்கூடாது என்று பதினைந்து ஆண்டுகள் ஒரு பெண்ணை அடக்கி வளர்க்கிறோம். பிறகு ஒரு நாள் காலையில், தயங்காது பேசு என்று கட்டளையிடுகிறோம். அவள் பட்டதாரி; ஆசிரியையாகவோ முகாமைத்துவ உதவியாளராகவோ சிறப்பாகப் பணியாற்றக்கூடியவள். ஆனால் கைநூல் அவளுக்குக் கைகுலுக்கக் கற்றுக்கொடுக்கிறது. அந்நிய ஆடவரோடு கைகுலுக்குவதில்லை என்ற மார்க்க ஒழுக்கத்தைக் கைக்கொள்ளும் முஸ்லிம் பெண்களின் முன்னால் அக்கைநூலுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நெஞ்சிலே கை வைத்துச் சொல்லும் ஒரு வாழ்த்துக்கும் கைகுலுக்கலுக்கும் பண்பில் என்ன வேற்றுமை? வேற்றுமை பண்பில் இல்லை. எந்த வர்க்கத்தின் வழக்கத்தைப் பொது வழக்கமாகக் கொண்டோம் என்பதில்தான் இருக்கிறது.

இந்த நான்கில் முதலாவது மட்டுமே தனிமனித இயல்பு. ஏனைய மூன்றும் சமுதாயம் உண்டாக்கியவை. நான்கையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, ‘உன் கூச்சத்தை நீயே வெல்’ என்று இளைஞனின் தலையில் ஏற்றிவிடுகிறது கைநூல். சமுதாயக் குறையைத் தனிமனிதக் குறையாக மாற்றிக் காட்டுவதிலேயே அதன் கருத்துலகத் தன்மை வெளிப்படுகிறது.

கலைப்படைப்புகள் இவ்விடயத்தை எவ்வாறு நோக்கியுள்ளன? நேர்முகப் பரீட்சையைக் கூர்மையாகச் சித்திரித்தவர்கள் வங்கத்துத் திரைப்பட மேதைகளே. சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’ 1970இல் வெளிவந்தது. தந்தையை இழந்ததால் மருத்துவப் படிப்பைக் கைவிட்ட சித்தார்த்தன் என்ற இளைஞனிடம், கடந்த பத்தாண்டின் மிக முக்கிய நிகழ்ச்சி யாது என்று கேட்கிறார்கள். சந்திரனில் மனிதன் இறங்கியதை அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அவனோ வியட்நாம் மக்களின் போரைச் சொல்கிறான். உடனே அவனது அரசியல் விசாரிக்கப்படுகிறது. வேலை கைநழுவுகிறது. படத்தின் இறுதிப் பகுதியில், போதிய நாற்காலிகள்கூட இல்லாத வெக்கை நிறைந்த நடையிலே பெருந்தொகையான விண்ணப்பதாரிகள் காத்து நிற்கிறார்கள். ஒருவன் மயங்கி விழுகிறான். சித்தார்த்தன் பொறுமையிழந்து உள்ளே பாய்ந்து மேசையைப் புரட்டுகிறான்.

மிருணாள் சென்னின் ‘இன்டர்வியூ’ 1971இல் வெளிவந்தது. அந்நியக் கம்பனி ஒன்றில் நல்ல வேலை ஏறக்குறைய உறுதியாகிவிட்டது; மேலைநாட்டு உடையணிந்து வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. சலவைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் சொந்த உடை கிடைக்கவில்லை. இரவல் உடையும் வழியில் தொலைந்துபோகிறது. வேட்டியுடன் சென்ற ரஞ்சித்துக்கு வேலை கிடைக்கவில்லை. உருவம் உள்ளடக்கத்தை விழுங்கிவிட்ட கதையை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது. தமிழிலே 1980இல் வெளிவந்த கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ டில்லித் தெருக்களில் வேலை தேடும் பட்டதாரியைக் காட்டிற்று. அவனும் இறுதியில் சவரத் தொழிலைக் கௌரவத்தோடு ஏற்கிறான்.

இம்மூன்று படங்களின் சிறப்பையும் ஏற்றுக்கொண்டே ஒரு குறையைச் சுட்டவேண்டும். மூன்றின் நாயகர்களும் வாயுள்ளவர்கள். துணிந்து பேசுவதாலோ, சினந்து எழுவதாலோ நம் நினைவில் நிற்கிறார்கள். மேசையைப் புரட்டாமல், ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து, கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி வீடு திரும்புகிறவர்களைக் கலைஞர்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. காத்திருந்த கூட்டத்தில் பெரும்பான்மையோர் அவர்களே. மௌனத்தை விடக் கோபம் கலைக்கு எளிதான பொருள். இரவு முழுவதும் பயணம் செய்து விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, பள்ளிவாசலிலே முகம் கழுவி, பத்து நிமிடப் பரீட்சை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் கல்முனைக்குத் திரும்பும் அந்த இளைஞனின் கதையை இக்கரையோரத்து எழுத்தாளர்கள்தாம் எழுதவேண்டும். நீலாவணன், மருதூர்க்கொத்தன், நுஃமான் முதலியோரைத் தந்த மண் இது. வயலிலும் வீட்டு முற்றத்திலும் பெண்களும் ஆண்களும் ‘கவி’ பாடிய மண் இது. இம்மண்ணின் பிள்ளை மேசை முன் மௌனமாக இருந்தால் அவனிடம் சொல் இல்லை என்பது பொருளன்று. அவனது சொல்லுக்கு அங்கு இடமில்லை என்பதே பொருள்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆசிரியர் பேசாமல் எப்படிக் கற்பிப்பார்? மக்களோடு பழகாத உத்தியோகத்தரால் என்ன பயன்? மறுப்பதற்கில்லை. ஆனால் அறிந்த பொருளைப் பற்றித் தினமும் காணும் மாணவரோடு பேசுவது வேறு. அந்நியர் மூவர் முன் தன்னைப் பற்றிப் பேசுவது வேறு. பின்னதைக் கொண்டு முன்னதை அளக்கமுடியுமா? அளப்பது கடினம் என்றே ஆய்வுகள் கூறுகின்றன. பரிக், மௌன்ட் என்போர் 1991இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, எல்லா வகைத் தொழில்களிலும் செயற்றிறனோடு தொடர்புடைய குணம் கடமையுணர்வு. புறமுக இயல்பு விற்பனை, முகாமை ஆகிய தொழில்களிலேயே குறிப்பிடத்தக்க தொடர்பு காட்டிற்று. சாக்கெட் முதலியோர் 2022இல் செய்த மறுமதிப்பீட்டில், நேர்முகப் பரீட்சை முடிவுக்கும் பின்னைய வேலைத்திறனுக்கும் உள்ள பொருத்தம் இருவகையாகக் கணிக்கப்பட்டது. முழுப் பொருத்தத்தை 1 என்று கொண்டால், எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, முன்பே வகுத்த முறைப்படி புள்ளியிடும் கட்டமைக்கப்பட்ட பரீட்சைக்கு 0.42, மனம்போன போக்கில் உரையாடும் பரீட்சைக்கு 0.19. ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும் என்று பெருமை பேசும் பரீட்சகர்கள் இந்த இரண்டாவது எண்ணைச் சிந்திப்பார்களாக.

சட்டமும் இதனை ஆராய்ந்திருக்கிறது. ஸ்ரீநகர்ப் பிராந்தியப் பொறியியற் கல்லூரியின் மாணவர் அனுமதி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் 1980இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே எழுத்துப் பரீட்சைக்கு 100 புள்ளி, வாய்மொழிப் பரீட்சைக்கு 50 புள்ளி. ஒருவருக்குச் செலவிட்ட நேரமோ இரண்டு மூன்று நிமிடம். மூன்றில் ஒரு பங்கைச் சில நிமிடப் பேச்சுக்குக் கொடுப்பது தான்தோன்றித்தனம் என்றும், வாய்மொழிப் புள்ளி நூற்றுக்கு 15ஐ மீறலாகாது என்றும் நீதிமன்றம் கருதிற்று. உரையாடலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறிற்று. 2016 ஜனவரி முதல் இந்திய மத்திய அரசு கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத்தையே நீக்கிவிட்டது. எழுத்துப் பரீட்சையும் குறையற்றதன்று. தனியார் வகுப்புக்குப் பணம் கொடுக்க முடிந்தவனுக்கு அது சாதகம். ஆயினும் விடைத்தாளுக்கு முகமில்லை, ஊரில்லை, சிபாரிசுக் கடிதமில்லை. பிரித்தானியாவில் 1854இல் நோர்த்கோட்–டிரெவெலியன் அறிக்கை போட்டிப் பரீட்சையை வேண்டியது, செல்வாக்கினால் பதவி பெறும் வழக்கத்தை ஒழிப்பதற்காகவே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

நமது மரபு என்ன சொல்கிறது? பேச்சாற்றலை வற்புறுத்துவோர் வள்ளுவரின் ‘அவை அஞ்சாமை’ அதிகாரத்தை எடுத்துக் காட்டலாம். கற்றும் அவைக்கு அஞ்சுவோரை வள்ளுவர் கடுமையாகவே சாடுகிறார். ஆனால் அஞ்சாமைக்கு அவர் கூறும் வழி நிமிர்ந்த நடையோ புன்னகையோ அன்று. அவையிலே அஞ்சாது விடை கொடுக்கும் பொருட்டு நூல்களை அளவறிந்து கற்குமாறு சொல்கிறார். அச்சத்துக்கு மருந்தாக அவர் கண்டது பொருளறிவு. மேலும், ஆளைத் தேர்வோருக்கு அவர் வகுத்த ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்தில், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்று தீர்ப்பளிக்கிறார். பேச்சை உரைகல்லாக்கவில்லை. விண்ணப்பதாரிக்கு முதல் அதிகாரத்தை ஓதுவோர் பரீட்சகருக்கு இரண்டாவதை ஓதவேண்டாமா?

தற்புகழ்ச்சி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற வினாவின் முன் நம் பிள்ளைகள் திகைப்பதற்குக் காரணம், தன்னைத் தானே புகழ்வது இழிவு என்று கற்றிருப்பதே. நன்னூலார் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறார். தன்னைப் புகழ்தல் தகாது என்பது பொது விதி. ஆயினும் அரச சபைக்கு எழுதியனுப்பும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம் என்று நான்கு விலக்குகளைப் பாயிரத்திலே தருகிறார். விண்ணப்பம் முதலாவதில் அடங்கும். நேர்முகப் பரீட்சை இரண்டாவதில் அடங்கும். ஆகவே, செய்ததைச் செய்தேன் என்று சொல்வது அடக்கத்துக்கு மாறானதன்று.

இந்த அடிப்படையில், அமைதியான இயல்புடையோர் உள்ளடக்கத்தை எவ்வாறு ஆயத்தம் செய்யலாம் என்று சுருக்கமாகக் கூறுகிறேன்.

வர்த்தமானி அறிவித்தலை முதலில் வரிவரியாகப் படிக்கவேண்டும். பொது நேர்முகப் பரீட்சை என்று குறிப்பிட்டிருந்தால், பெரும்பாலும் அங்கே புள்ளியே இல்லை. சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. வீண் அச்சத்தில் உறக்கம் இழக்கவேண்டியதில்லை. கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்றால், எவ்விடயத்துக்கு எத்தனை புள்ளி என்பதைத் தேடி அறிந்து அதன்படி ஆயத்தம் செய்யலாம்.

எழுதிப் பழகியவன் எழுத்திலிருந்தே தொடங்கட்டும். தான் உண்மையில் செய்த பத்துக் காரியங்களை எழுதி வைக்கவேண்டும்: வாப்பாவின் வயற்கணக்கைப் பார்த்தது, தம்பி தங்கைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தது, வாசிகசாலையின் நூல்களை ஒழுங்குபடுத்தியது, வெள்ள காலத்தில் நிவாரணப் பட்டியல் எழுதியது. ஒவ்வொன்றுக்கும் நிலைமை என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன என்று மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். ‘நான் கடின உழைப்பாளி’ என்ற வெற்றுரையை விட இவற்றில் ஒன்று அதிகம் பேசும்.

பிறகு அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகவேண்டும். முதலில் தனிமையில், பின் ராத்தாவிடமோ ஒரு தோழனிடமோ, அதன்பின் மூவர் முன்னிலையில். மனனம் செய்து ஒப்புவிக்கக் கூடாது; பொருள் நினைவில் நின்றால் சொல் வரும். வினாவைக் கேட்டதும் சிறிது நேரம் யோசிப்பதில் வெட்கமில்லை. ‘ஸேர், சற்று யோசித்துச் சொல்கிறேன்’ என்று கூறிவிட்டு மௌனமாக இருக்கலாம். அவ்வாறு சொல்லப்பட்ட மௌனம் திகைப்பாகத் தோன்றாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஒரு விடையே. தமிழில் தோற்றும் உரிமையை விண்ணப்பத்திலேயே எழுத்தில் கோரவேண்டும். அத்துடன், பிற சமூகத்து மக்களோடு பணியாற்றவும் பழகவும் தேவையான சிங்களத்தைக் கற்பதை அடிமைத்தனமாகக் கருதவும் கூடாது. அதிகம் பேசுவதால் களைப்படையும் இயல்புடையோர், பரீட்சைக்கு முன்னைய அரை மணி நேரத்தை நடைக் கூட்டத்தின் வதந்திப் பேச்சிலே செலவிடாமல் தனியே அமர்ந்திருப்பது நன்று.

ஆனால் தனிமனித ஆயத்தத்தோடு இது முடிந்துவிட்டால், நாமும் ஒரு கைநூலை எழுதியவர்களாகவே ஆவோம். ஆசிரியர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தமிழ்த் தினப் பேச்சுப் போட்டிக்கு ஆண்டுதோறும் ஒரே வாயாடிப் பிள்ளையை மேடையேற்றிப் பரிசு பெறுகிறோம். பின்வரிசையிலிருக்கும் முப்பது பேரும் பாடசாலை வாழ்வு முழுவதும் ஒரு தடவையேனும் பேசாமலே வெளியேறுகிறார்கள். வாரத்தில் ஒரு பாடவேளையில், சிறு குழுக்களாகப் பிரிந்து, படித்த ஒரு கதையைப் பற்றி ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசட்டும். முன்பே எழுதிவைத்துப் பேசினாலும் குற்றமில்லை. அதிகம் பேசாத பிள்ளையிடம் கேள்வி கேட்டால், விடை வரும் வரை ஆசிரியர் காத்திருக்கட்டும். அந்தச் சில விநாடிக் காத்திருப்பு, பின்னாளில் வாங்கப்படும் எந்தக் கைநூலையும் விடப் பயன் தரும். பெண் பிள்ளைகளின் பாடசாலைகளில் இதற்கு முதலிடம் தரவேண்டும்.

தொழிற்சங்கங்களும் பட்டதாரிகள் சங்கங்களும் வேலை வேண்டும் என்று கோருவதோடு நில்லாமல், நேர்முகப் பரீட்சையின் முறையையும் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். எல்லோருக்கும் ஒரே வினாக்கள். முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட புள்ளித்திட்டம். விண்ணப்பதாரியின் மொழியை அறிந்த பரீட்சகர். மொத்தப் புள்ளியில் வாய்மொழிக்குச் சிறு பங்கு. கிடைத்த புள்ளியைக் கேட்டறியும் உரிமை. இவற்றில் எதுவும் வானத்து நிலவைக் கேட்பதன்று. இவை நிறைவேறினாலும் நூறு பேருக்குப் பத்து வேலைகளே உள்ள நிலைமை மாறிவிடாது; தொண்ணூறு பேர் திரும்பியே செல்வார்கள். அந்தப் பெரும் போராட்டம் வேறு. ஆயினும், வேலை கிடைக்காமற் போனதற்குத் தன் அமைதியே குற்றம் என்ற பழியையும் சுமந்துகொண்டு எந்தப் பிள்ளையும் கல்முனை பஸ்ஸில் ஏறக்கூடாது. அந்தப் பழியை இறக்கிவைப்பது இன்றே நம்மால் முடிந்த காரியம்.